காப்பகத்தின் சாவி

தீபாவளிக்குச் சேலை கொடுக்கும்போது எங்கள் தையல் யூனிட்டில் நிறத்தைப் பெண்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மற்றக் கம்பெனிகளில் அப்படி இல்லை. முதலாளி ஆத்தப்பன் என்று என்னைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

வேல்விழி மேல் எனக்குக் கோபம் கிடையாது. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஓவர்லாக் மெஷினில் நல்ல கை. புருஷன் இல்லை. மகள் செல்வமீனாவைக் கட்டிங் மேஜைக்கு அடியில் கழிவுத்துணி மேல் படுக்கவைத்துவிட்டுத் தைப்பாள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை.

தகவல் உரிமைச் சட்டம் புதிது. அரசு மானியம் யாருக்கு, எதற்குப் போனது என்று யார் கேட்டாலும் சொல்லியாக வேண்டும். இவள் கேட்டிருக்கிறாள். பதில் வந்ததும் டீ இடைவேளையில் நேராக என்னிடம் வந்தாள்.

"சார், நம்ம கம்பெனியில பிள்ளைகள் காப்பகம் நடக்குதுன்னு கவர்மென்ட்டே எழுதியிருக்கு. அது எங்க சார் இருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. இடம் தெரியாதவள் வழி கேட்பதுபோல்தான் கேட்டாள். காப்பகத்துக்கு வந்த மானியத்தில் நான் சாயப்பட்டறைக்கு பாய்லர் வாங்கியிருந்தேன்.

"ரெடியாயிட்டு இருக்குது கண்ணு" என்றேன்.

அவள் கலெக்டர் ஆபீசுக்கும் எழுதியிருந்தாள். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தகவல் வந்தது. காலியாக இருந்த ஒரே இடம் பின்னால் உள்ள கெமிக்கல் குடோன். அதுவும் பாதிதான் காலி. நடுவில் பிளைவுட் அடித்து, முன்பாதிக்கு மஞ்சள் பெயின்ட், தொட்டில், பொம்மை எல்லாம் வைத்தேன். டிரம்கள் பின்பாதியில் இருந்தன. முற்றத்தில் இறக்கினால் அதிகாரி பார்த்துவிடுவார்.

ஸ்டோர் காசிமாயன் ஆய்வன்று காலையிலேயே சொன்னார். "ஆசிட் கேன் ஒண்ணு ஒழுகுது மொதலாளி. பிளீச்சிங்கோட கலந்தா புகை கெளம்பிரும். பிள்ளைகள அங்க போடாதீக."

"மத்தியானம் வரைக்கும்தானுங்க. சமாளிங்க" என்றேன். யாரையும் மரியாதை குறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

அதிகாரி வந்தார், பார்த்தார், போட்டோ எடுத்தார். செல்வமீனா அவருக்கு டாட்டா காட்டினாள். அவரை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், தாய்மார்கள் மெஷினை விட்டுவிட்டுக் காப்பக வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். ஷிப்மென்ட் நெருக்கடி. எல்லோரையும் லைனுக்கு அனுப்பினேன். ஆயாவாக நிற்கச் சொன்ன பெண்ணையும் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, மறுபடி யாரும் வந்து நிற்காதபடி கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதிகாரி இளநீர் குடித்து முடித்து அறிக்கை எழுத ஆரம்பித்தபோது காசிமாயன் வாசலுக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"கலந்துருச்சு மொதலாளி. பிள்ளைக இருமிக்கிட்டுக் கெடக்குதுக. சாவியக் குடுங்க."

"சத்தம் போடாதீங்க. அவரு போகட்டுமுங்க."

"பூட்ட ஒடைக்கட்டுமா?"

"ஒடைச்சா நாளையில இருந்து நீங்க வர வேண்டியதில்லீங்க."

அவருக்கு மூன்று பெண்கள். அவர் அங்கேயே நின்றார்.

உள்ளே போனேன். "குழந்தைங்க அழற மாதிரி இருக்கே?" என்று அதிகாரி தலையை உயர்த்தினார்.

"அம்மா நெனப்புங்க. புது எடமில்லீங்களா."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி எழுதினார். அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அது ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். கேட் வரை போய்க் காரில் ஏற்றிவிட்டு வந்து, சாவியைக் காசிமாயனிடம் கொடுத்தேன்.

மற்றப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தேறிவிட்டார்கள். செல்வமீனா தேறவில்லை. பிளைவுட்டை ஒட்டியிருந்த தொட்டில் அவளுடையது.

சாவி கையில் இருந்தும் ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். திறந்திருந்தால் அதிகாரி அன்றைக்கே காப்பகத்தை மூட உத்தரவு போட்டிருப்பார். மற்றப் பிள்ளைகளை நினைத்துத்தான் நான் பொறுத்திருந்தேன்.