ஆறு மாசம் கழிச்சு வாங்க

பல் டாக்டர் கிளினிக்ல சொல்ற வார்த்தையா சார் அது? நீங்களே சொல்லுங்க! ஆங்... சொல்ல வேணாம், வாயத் திறந்தே வைங்க. இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதானா? கொட்டாவி விடும்போது இதவிடப் பெருசா விடுவீங்கல்ல? ம்ம், அப்படி.

வெளில உங்க பேரக் கேட்டு உள்ள அனுப்பினாளே, அது என் பொண்ணுதான். காலேஜ் லீவு. ரிசப்ஷன்ல வழக்கமா இருக்கறவங்க பிரசவத்துக்குப் போயிட்டாங்க, வீட்ல சும்மா கெடக்கறதுக்கு இங்க வந்து உக்காருடின்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன். பல்லு பாத்துட்டுப் போறவங்ககிட்ட 'ஆறு மாசம் கழிச்சு வாங்க'ன்னு சொல்லணும். இவ என்ன சொல்றா? 'ஆறு மாசம் கழிச்சு வாங்க... கர்த்தருக்குச் சித்தமானா'ங்கறா! அதுவும் சிரிச்சுக்கிட்டே!

நேத்து ஒருத்தர், ரிட்டயர்டு போலீஸ்காரர், வாட்டசாட்டமான ஆளு, மீசையே ஒரு முழம் இருக்கும். அப்படியே திரும்பி உள்ள வந்து கதவச் சாத்திட்டார். 'டாக்டரம்மா, என்கிட்ட எதையும் மறைக்காதீங்க, எக்ஸ்ரேல என்ன தெரிஞ்சுது?'ங்கறார். பல்லுல லேசா கறைதான் சார், எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னா நம்பினாத்தானே! வெயிட்டிங் ரூம்ல உக்காந்து பிள்ளைங்களுக்கெல்லாம் போன் போட்டு, சண்ட போட்டவன்கிட்டகூட மன்னிப்பு கேட்டுட்டார்... ஐயோ சிரிக்காதீங்க சார், கையில ஊசி இருக்கு!

சுருக்குன்னு... ஆச்சு, ஆச்சு. மரத்துப் போகட்டும்.

ஆமா, இந்த ஓட்டை போன வருஷமே தெரியும்தானே உங்களுக்கு? தலைய ஆட்டறதப் பாரு. வலிக்கல, அதனால வரல. எல்லாருக்கும் இதே கததான். சின்னதா இருக்கும்போது வந்திருந்தா பொட்டு வைக்கற மாதிரி அடைச்சு அனுப்பியிருப்பேன். வலி வந்தாத்தான் உங்களுக்கெல்லாம் டாக்டர் ஞாபகமே... ஐயய்யே. இதே வாய்தான் சார், இதத்தான் அவ கெட்டியா பிடிச்சுக்கிட்டா!

என்ன விஷயம்னா, வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கப் போறேங்கறா. எங்க சபைல அது குழந்தைக்குக் கெடையாது, வளந்தவங்க தானா முடிவு பண்ணி, எல்லார் முன்னாடியும் தண்ணில எறங்கி முங்கி எழணும். காலேஜ்ல ரெண்டாவது வருஷம், பால் மணம் மாறல. நானும் வாராவாரம் சபைக்குப் போறவதான் சார். கடைசி பெஞ்சு, மொதல்ல எழுந்து வர்ற ஆளு, அது வேற விஷயம். படிப்ப முடி, வேலைக்குப் போ, கல்யாணம் காட்சி பாரு, அப்புறம் நிதானமா பாத்துக்கலாம், கர்த்தர் எங்க ஓடிப்போயிடப் போறார்னேன். 'அவர் ஓட மாட்டார்மா, நாமதான் இருப்பமான்னு தெரியாது'ங்கறா. 'வலிக்கறதுக்கு முன்னாடியே வாங்கன்னு பேஷண்ட்டயெல்லாம் திட்டற, எனக்கு மட்டும் மெதுவா போகலாம்னு சொல்றியே?' வாய் சார், வாய்! அப்படியே என் வாய்! எங்க வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாடி சிரிக்கறார், பேப்பரு ஆடறது எனக்குத் தெரியாதா?

உதடு தடிச்ச மாதிரி இருக்கா? இருக்கட்டும், இன்னும் கொஞ்சம்.

எல்லாம் அந்தக் கிட்டார்காரத் தம்பியால வந்தது. சபைல வாசிப்பான். போன மாசம் இதே சேர்ல உக்காந்திருந்தான். அவனுக்கு இருந்த மாதிரி பல்லு நான் பாத்ததே இல்ல சார், ஒரு சொத்தை கெடையாது, வரிசைன்னா அப்படி ஒரு வரிசை! இந்தப் பல்லு உன் பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் தாங்கும்டா, ஆறு மாசம் கழிச்சு வான்னேன். சரி டாக்டர்னு வண்டிய எடுத்தான். சாயங்காலம் போன் வருது, லாரி அடிச்சுட்டுதுன்னு. பல்லு தாங்கியிருக்கும் சார். நான் சொன்னது தப்பே இல்ல.

ம்... கொஞ்சம் துப்பிக்கோங்க.

அதுக்கப்புறம்தான் இவ அந்த 'கர்த்தருக்குச் சித்தமானா'வப் பிடிச்சுக்கிட்டா. சரி, பயந்துட்டாடா பொண்ணு, சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த பயத்துல எடுக்கற முடிவுன்னு நெனச்சேன். கேட்டேவிட்டேன். 'பயமா? ஞானஸ்நானம் எடுத்ததுலருந்து அவன் எவ்வளவு சந்தோஷமா இருந்தான்னு நீ பாத்தல்ல? அந்தச் சந்தோஷத்த நான் ஏன்மா கிழவியாகி வாங்கிக்கணும், இப்பவே வேணும்'ங்கறா. பொண்ணு நகை கேக்கற வயசுல இதக் கேக்கறா!

அதோட விட்டாளா... 'நீ மனசார சரின்னு சொல்லாம நான் தண்ணில எறங்க மாட்டேன்'ங்கறா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பாஸ்டருக்குச் சொல்லியாகணுமாம். காலைலருந்து நானும் மூஞ்சிய உம்முன்னு வச்சிட்டிருக்கேன். அவளும் வர்றவங்ககிட்டல்லாம் சிரிச்சுட்டு, நான் எட்டிப் பாத்தா மட்டும் தலையக் குனிஞ்சுக்கறா.

உங்ககிட்டச் சொன்னா என்ன, உங்களால திருப்பி ஒண்ணும் சொல்ல முடியாது... அவ வயசுல நானும் ஞானஸ்நான வகுப்பெல்லாம் முடிச்சவதான். அந்த வாரம் பரீட்சை வந்துச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்னேன். அப்புறம் கல்யாணம். அப்புறம் கிளினிக்கு. அப்புறம் இவ பொறந்தா. இப்பப் போய் நின்னா, ஈரத்தலையோட டாக்டரம்மாவ சபையே பாக்கும், பேஷண்ட்டுல பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க! வெக்கமா இருக்கு சார். படிப்பு, கல்யாணம்னு நான் அவகிட்டச் சொன்னதெல்லாம் சும்மா. நான் நின்ன எடத்துலயே நிக்கறேன், என் பொண்ணு என்னத் தாண்டிப் போறா, அந்த வயித்தெரிச்சல்தான் எனக்கு. அவ மேல ஒரு தப்பும் இல்ல.

...ச்சே. வாய்விட்டுச் சொல்லிட்டேனா?

சரி, மரத்துடுச்சு, ட்ரில்ல எடுக்கறேன். ஒழுங்கா முடிச்சுட்டு, அப்புறமா போய் அவகிட்ட... பாத்தீங்களா! பாத்தீங்களா சார், மறுபடியும் ஒரு அப்புறம்! இல்ல, இப்பவே போறேன். நீங்க அப்படியே இருங்க. வாய மூடிக்கலாம், ஆனா நாக்கக் கடிச்சுக்காதீங்க. தோ வந்துடறேன், கதவு தெறந்தே இருக்கட்டும்...

ஏய் கண்ணு! பாஸ்டருக்குப் போன் போடுடி. சரின்னு சொல்லு. ஏன் அழற, பேஷண்ட் உக்காந்திருக்காங்க பாரு... ஆமா, அம்மாவும் வர்றேன்னு சொல்லு. பாக்கறதுக்கு இல்லடி... எறங்கறதுக்கு!