இரண்டு விரல் கீழே

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, எங்கள் கிளினிக்குக்கு எதிரே உள்ள அச்சகத்தில் முழங்கைப் பட்டையின் விளக்கத்தாளைக் கொடுத்தேன். ஒரே பக்கம். பிழை திருத்துவது எனக்குப் பிடித்த வேலை.

பட்டையைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. இருவரும் பிசியோதெரபிஸ்டுகள், ஒரே அறை, நடுவில் ஒரு திரை. இந்த முழங்கை வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர்தானே தவிர, வருகிறவர்கள் பெயின்டர்கள், தையல்காரர்கள், நாளெல்லாம் துணி பிழிகிறவர்கள். அவர்களுக்காகச் சின்ன மெத்தை வைத்த பட்டை ஒன்றைச் செய்தாள். முழங்கை எலும்புக்கு இரண்டு விரல் கீழே கட்ட வேண்டும்.

சோதனைப் பட்டையைக் கட்டியிருந்த தையல்காரர் ஒருநாள் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். "சார், ஆறு வருஷமா நீங்க அமுக்குனீங்க. அக்கா ஒரு பட்டைய மாட்டிவிட்டாங்க, வலி போன இடம் தெரியல. இனிமே உங்க கட்டைவிரலுக்கு லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. பட்டையில் அவள் பெயரை அச்சடிக்கச் சொன்னதே நான்தான்.

விளக்கத்தைக் கையால் எழுதிய தாளை என் மனைவி என்னிடம் தந்துவிட்டு, "நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்றாள்.

அச்சகத்தில் நின்றபடியே 'இரண்டு' என்பதை அடித்து 'நான்கு' என்று எழுதினேன். நான்கு விரல் கீழேதான், விரல்களைத் தூக்கும் நரம்பு தசைக்குள் நுழைகிறது. மாணவர்களுக்கு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியவன் நான். 'நன்றாக இறுக்கி, நாள் முழுவதும்' என்றும் சேர்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்தது.

ஐந்து வாரம் கழித்துத் தையல்காரர் வந்தார். மணிக்கட்டு நிமிர்ந்தது, விரல்கள் தொங்கின. "புதுப் பட்டைக்கு நாலுன்னு போட்டிருந்துச்சு. அக்கா மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவரோடு சேர்த்து ஏழு பேர்.

அன்று என் மனைவி விளக்கத்தாளை வெகுநேரம் பார்த்தாள். "நான் ரெண்டுன்னுதானே எழுதினேன்?"

"நாலுன்னுதாம்மா இருந்துச்சு. நான் பார்த்தேனே."

அவள் நம்பினாள். என் பேச்சுக்கு வீட்டில் எப்போதும் மதிப்பு உண்டு. அவள் எழுதிய தாளை அதற்குமுன்பே கிழித்துவிட்டிருந்தேன்.

இப்போது அவள் யார் கையையும் தொடுவதில்லை. திரையைக் கழற்றிவிட்டோம், அறை விசாலமாக இருக்கிறது. தையல்காரர் வாரம் மூன்று நாள் என்னிடம் வருகிறார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்கிறேன். விட்டதும் விழுகின்றன.