பதினான்காம் பக்கம்

பத்திரப் பதிவுக்குப் போகிறவர்கள் பேனா கொண்டு போவதில்லை. வாழ்நாளிலேயே பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடப் போகிறோம் என்று தெரிந்தும் சட்டைப் பையைக் காலியாக வைத்துக்கொண்டு வருவார்கள். வந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், "சார், பேனா இருக்கா?" என்பார்கள். அன்று எல்லோரும் என் பேனாவில்தான் கையெழுத்திட்டார்கள். அதைச் சான்றாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். நல்ல பேனா. வழக்கு முடிந்ததும் திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். ஓர் அச்சகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பிழை திருத்தியவன் நான். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. நீங்கள் முழுவதும் படிப்பீர்களா என்பதுதான் என் கவலை. கடைசித் தாளைப் புரட்டி, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து மூடி வைப்பவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

நான் எதையும் மறைத்து அந்த வீட்டை விற்கவில்லை. விற்பனைப் பத்திரத்தின் பதினான்காம் பக்கத்தில், சொத்து விவரத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: "பின்முற்றத்தின் மூலையில் பழைய கிணறு ஒன்று தூர்க்கப்படாமல் மூடியிட்டுத் தளம் பாவப்பட்டுள்ளது. மூடியின் மீது பாரம் ஏற்றலாகாது." அந்தப் பக்கத்தில் வாங்கியவர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் மனைவி கையெழுத்திட்டிருக்கிறார். சாட்சிகள் இருவர் இட்டிருக்கிறார்கள். வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் வக்கீல் தன் முத்திரையைக் குத்தியிருக்கிறார். இதைவிட வெளிப்படையாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வது? தண்டோராவா போட முடியும்?

இனி முதலிலிருந்து சொல்கிறேன். அந்த வீட்டை நானும் என் மனைவியும் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடனில் வாங்கினோம். வீட்டை அடமானமாக வைத்தால் பத்திரம் வங்கிக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட அன்று கடைசியாகப் பார்த்தது. அதன் பிறகு நமக்கு வீடு, அவர்களுக்குக் காகிதம்.

பின்முற்றத்தில் என் மனைவி ஒரு சிமெண்ட் தொட்டியில் எலுமிச்சை வைத்திருந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு காலையில், வெயில் படட்டும் என்று அந்தத் தொட்டியை மூலைக்கு நகர்த்தினாள். நான் உள்ளே செய்தித்தாளில் எழுத்துப்பிழைகளை வட்டமிட்டுக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கிணறு நாற்பதடி ஆழம். தண்ணீர் முழங்கால் அளவுதான். மேலே தூக்கி வந்தபோது உயிர் இருந்தது. மாலைவரை மருத்துவமனையில் இருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அறிவாளிகள். "விதி" என்றார் என் மைத்துனர். "பழைய வீட்டை வாங்கினா இப்படித்தான்" என்றார் அவர் சம்சாரம். ஒருவர் எலுமிச்சை மரத்தைக் குறை சொன்னார். அங்கே கிணறு இருந்தது யாருக்கும் தெரியாது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அவள் வேலை பார்த்த இடத்திலிருந்து வந்த தொகையில் மீதிக் கடனை அடைத்தேன். வங்கியில் இருந்த பெண் பத்திரக் கட்டை நீட்டி, "லோன் முடிஞ்சுது, வாழ்த்துகள் சார்" என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்தேன். பழக்கதோஷம், கையில் பென்சில் இருந்தது. சொத்து விவரத்துக்குக் கீழே, நான் மேலே எழுதிய அதே இரண்டு வாக்கியங்கள் இருந்தன. எங்களுக்கு விற்றவர் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார். அடியில் எங்கள் இருவர் கையெழுத்தும் இருந்தது. என்னுடையது தெளிவாக இருந்தது. அவளுடையது சற்றுச் சாய்ந்திருந்தது.

ஆக, என் பத்திரத்தில் அந்த வரியை நான் புதிதாக எழுதவில்லை. பழைய பத்திரத்திலிருந்து எடுத்து எழுதினேன். பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. 'பாரம்' என்பது 'பாறம்' என்று இருந்தது. அதை மட்டும் திருத்தினேன்.

அதற்கு முன் கொத்தனாரை அழைத்து முற்றத்தைச் சரிசெய்தேன். அவர் குழியை எட்டிப் பார்த்து, "சார், ரெண்டு லாரி மண்ணு கொட்டி மூடிடலாம். கிணத்துக்கு எதுக்கு சார் தொப்பி?" என்றார்.

"மூடி மட்டும் போதும்" என்றேன்.

"அப்ப கம்பியாவது நெருக்கமா கட்டவா?"

"இருந்த மாதிரியே கட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நடக்கத் தாங்கும் சார். பாரம் கீரம் வெச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல. இப்பவே சொல்லிட்டேன்."

"அதைத்தான் பத்திரத்துலயும் எழுதியிருக்கு" என்றேன்.

இந்தக் கதையில் வாய்விட்டு எச்சரித்த ஒரே மனிதர் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

தரகர் அடுத்த வாரம் வந்தார். சாவு நடந்த வீடு என்றால் விலை இறங்கும் என்பது அவர் கவலை. "அக்கா ஆஸ்பத்திரியில போயிட்டாங்கன்னு சொல்லிக்குவோம் சார். அது பொய் இல்லையே, கடைசி மூச்சு அங்கதானே?" என்றார். அவருடைய மனசாட்சிக்கும் நல்ல விலை இருந்தது.

வாங்க வந்தவர் டைல்ஸ் கடை மேலாளர். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று விலையைக் குறைத்தார். இரண்டு மின்விசிறிகளுக்காக மூன்று வாரம் பேசினார். பின்முற்றத்துக்கு வந்தபோது, "இந்த டைல்ஸ் மட்டும் புதுசா போட்டிருக்கீங்க போல. நல்ல சரக்கு சார்" என்று காலால் தட்டிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர். தளத்துக்கு மேலே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

பிறகு வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். மூடியின் நட்டநடுவில் நின்று பின்சுவரைப் படம் எடுத்தார். எழுபது கிலோ இருப்பார். தாங்கியது. கொத்தனார் சொன்ன சொல் தவறாதவர். வங்கி வக்கீல் மூன்று கேள்விகள் அனுப்பினார். ஓர் ஆண்டின் வீட்டு வரி ரசீது எங்கே, தாய்ப்பத்திரத்தின் சான்றிட்ட நகல் எங்கே, முதல் உரிமையாளரின் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது ஏன். மூன்றுக்கும் பதில் கொடுத்தேன். "ஆவணங்களை முழுமையாகப் பரிசீலித்தேன், வில்லங்கம் ஏதுமில்லை" என்று எட்டுப் பக்கம் எழுதி, கட்டணம் வாங்கிக்கொண்டார். அந்த எட்டுப் பக்கத்தில் கிணறு இல்லை. அவர் பார்த்த பத்திரத்தில் இருந்தது.

எழுத்து என்பது எதற்கு? ஒருவர் சொல்வதை இன்னொருவர் தெரிந்துகொள்வதற்கு. படிக்காமல் கையெழுத்திடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடக்கிறவன். வண்டி ஓட்டி வருகிறவனை மட்டும் பிடித்து வைத்துக் கேள்வி கேட்டால் எப்படி?

குடிவந்து நாலரை மாதத்தில் அவர்கள் துவைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். பின்முற்ற மூலையில் குழாய் இருந்ததால் அங்கேயே வைத்தார்கள். வாங்கியவரின் மனைவி துணிகளை எடுத்துக்கொண்டு அதன் அருகில் போய் நின்றாள். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அதுவும் நல்லதாயிற்று.

தரகர் தொலைபேசியில் அழுதார். நான் மருத்துவமனைக்குப் போனேன். ஏன் போனேன் என்று மூன்று முறை கேட்டீர்கள். துக்கம் கேட்கத்தான். கணவர் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அவள் செருப்பு ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கிணறு இருக்குன்னு யாருமே சொல்லலையே சார்" என்றார்.

"எழுதியிருந்துச்சு" என்றேன். "பதினாலாம் பக்கம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று ஆண்டுகளாக அந்த முகத்தை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருந்தேன். இன்னொருவரிடம் பார்த்தபோது மனம் கொஞ்சம் இலகுவானது. கைகூட நீட்டினேன். அவர் பற்றிக்கொள்ளவில்லை. அப்புறம்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

இரண்டு விஷயங்கள் பாக்கி. எழுதிவிடுகிறேன்.

பத்திரம் வங்கியில் இருந்ததால் நாங்கள் படிக்க முடியவில்லை என்பதுபோல மேலே எழுதியிருக்கிறேன். நகல் ஒன்று எங்கள் பீரோவில்தான் இருந்தது, புடவைகளுக்கு அடியில். நாங்கள் வாங்கியபோது, பதிவுக்கு முந்தின நாள், அதை அவள் என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள். "ஊர்ப் பிழையெல்லாம் பாக்குறீங்க. நம்ம பத்திரத்த ஒரு தடவ பாருங்களேன்" என்றாள். "கூலி இல்லாம நான் படிக்கிறதில்ல" என்றேன். நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவளும் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டாள்.

மற்றது, யாரும் படிக்கவில்லை என்பதுபோல எழுதினேனே, அது.

நான் விற்ற அன்று, பதிவு அலுவலகத்தில் நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். காலை பதினொன்றே முக்கால் இருக்கும். கணவரும் தரகரும் வெளியே தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மருந்துக்கடைப் பெண் பத்திரத்தை மடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, உதடு அசைய, மருந்துச் சீட்டில் காலாவதித் தேதி தேடுவதுபோல.

"சார், இதுல தெரு கிழக்கேன்னு போட்டிருக்கு. வாசல் மேற்கால்ல இருக்கு?" என்றாள்.

அவள் சொன்னது சரி. முப்பத்தோர் ஆண்டு அனுபவத்தில் எனக்குத் தப்பிய பிழை. "நல்ல கண்ணும்மா உங்களுக்கு" என்றேன். மனதாரச் சொன்னேன்.

"நான் படிக்காம எதுலயும் கையெழுத்து போட மாட்டேன் சார். இவருக்குத்தான் எல்லாத்துலயும் அவசரம்."

அவள் பதினோராம் பக்கத்தைப் புரட்டினாள். இன்னும் மூன்று பக்கம். பலகையில் முப்பத்தாறு என்று எரிந்துகொண்டிருந்தது. எங்கள் எண் நாற்பத்தொன்று. அவள் விரல் பக்கத்தின் பாதிக்கு வந்தபோது நான் எழுந்து நின்று, "டோக்கன் கூப்பிட்டாச்சும்மா, வாங்க வாங்க" என்றேன். பெரியவர் சொல்கிறார் என்று பட்டென்று எழுந்தாள். தாள்களை அடுக்கினாள். கைப்பையைத் துழாவிவிட்டு, "சார், பேனா இருக்கா?" என்றாள். கொடுத்தேன். எங்கள் முறை வரும்வரை அருகிலேயே நின்று, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கையெழுத்திட வேண்டிய இடத்தை மட்டும் காட்டினேன்.

அவள் படித்திருந்தால், படிக்காதவன் நான் ஒருவன்தான் என்று ஆகியிருக்கும்.