புளித்தண்ணீரில் ஊறிய கார்

தாமுவேயிலிருந்து அலோனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பஸ் கிளம்பியதுமே அந்தம்மா, "பிரியாணிச் சட்டியில யாராவது காரை ஊற வைப்பாங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு என்னால் ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

"காரை இல்ல புள்ள. கதவுக் கீலும் கொஞ்சம் போல்ட்டும்தான்," என்றார் கணவர். "புளித்தண்ணியில போட்டாத்தான் துரு விடும்."

"வீட்டு ஷெட்டு பூரா அந்த ஓட்டை அமெரிக்கக் காரு. சரின்னு விட்டேன். இப்ப அடுப்படிக்கும் வந்தாச்சா? நாளைக்குக் கல்யாண வீட்டுக்கு டான்பவுக் பிரியாணி ஆக்கித் தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன். சட்டி உள்ள கன்னங்கரேல்னு கிடக்கு. அதுல பிரியாணி ஆக்குனா எவன் வாயில வைப்பான்?"

"அதுக்குத்தானே எங்க அக்கா வீட்டுல சட்டி இரவல் வாங்கப் போறோம்."

"உங்க சட்டி எங்கன்னு அவங்க கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

"ஓட்டை விழுந்துருச்சுன்னு சொல்றேன்."

"உங்க காருக்காக என் சட்டி மேல பொய் சொல்லுவீங்களா?"

அவர் மடியில் இரு கைகளையும் விரித்து ஏதோ அளவு பார்த்தார்.

"அக்கா சட்டி நம்ம சட்டியவிடப் பெருசு புள்ள. ஹெட்லைட் வளையம் எல்லாம் ஒரே தடவையில உள்ள போயிரும்."

அந்தம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த நிறுத்தத்துல இறங்கி வீட்டுக்குப் போங்க," என்றார். "சட்டியை நான் வாங்கிக்கிறேன்."