காய் வெட்டும் பலகையில் ஒரு நட்டு

சிவாஜிநகரிலிருந்து ஜீவனஹள்ளிக்குப் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. அவர் மடியில் திருகு மரை வெட்டிய நீளமான இரும்பு ராடு. அதில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நட்டை அவள் சுழற்றிச் சுழற்றி ஓடவிட்டாள்.

"காய் வெட்ற பிளாஸ்டிக் பலகைல நட்டு செஞ்ச ஆம்பள உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க!"

"ஸ்வல்ப மெதுவா பேசு."

"கேக்கட்டுமே. உள்ள மரை எப்டி போட்டீங்க? மரை வெட்ற டேப்பு இந்த சைஸுல கடைல இல்லன்னீங்க?"

"நானே செஞ்சேன். இதே ராடுல ஒரு துண்டு அறுத்து, முனைய ஒடுக்கி, கிரைண்டர்ல நீளவாக்குல மூணு வெட்டு. அதையே பலகைல போட்ட ஓட்டைக்குள்ள திருகுனேன். வெண்ணெய்ல எறங்குன மாதிரி எறங்குச்சு!"

நட்டு ராடின் முனை தாண்டி அவர் மடியில் விழுந்தது. இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"எவ்ளோ அறுத்தீங்க?"

"புடிக்க வசதியா, ஒரு சாண்."

"நீங்க செய்யப்போற மெஷினுக்கு எவ்ளோ நீளம் வேணும்?"

"முழு ராடும்..."

அவர் ராடின் அறுத்த முனையைத் தடவிப் பார்த்தார். அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"எழுந்திருங்க, திரும்பி சிவாஜிநகர் போலாம். ராடு ஒண்ணு, பலகை ரெண்டு வாங்கணும்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு வெண்டைக்காய்க்கு. இன்னொண்ணு உங்களுக்கு."