வாய்விட்டுச் சொல்லும் நமசிவாயம்

வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ் அது. அந்தக் காலத்தில் கரியில் ஓடும், ஏற்றத்தில் மூச்சுத் திணறும். என் முன்சீட்டில் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரியும் அவர் மச்சினனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மந்திரத்த மனசுக்குள்ள சொன்னேன் மாப்ள, கெணத்துல கவலை எறைக்கிற மாடு நின்னுபோச்சு.”

“மாட்டுக்கு மந்திரம் தெரியுமா மாமா?”

“இம்புட்டு வருசமும் நமசிவாயம்னு சத்தமாச் சொல்லித்தான ஓட்டுனேன்? ஊருக்கு வந்த சாமியாரு ஒருத்தரு வாய மூடிச் சொல்லுன்னாரு. இப்ப மொளகா நாத்து வாடுது.”

“அர்த்தமாச்சும் தெரியுமா?”

“எனக்குன்னு ஒண்ணுமில்ல, எல்லாம் சிவனுக்குன்னு அர்த்தம்.”

“அப்ப நாத்தும் அவருதுதான? வாடட்டும், விடுங்க.”

சம்சாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சிவன் பயிர வாடவிட நான் யாரு மாப்ள? நாளைக்கு ஊரு கேக்கக் கத்துவேன், பாரு!”