பெர்னி போடாத இனிஷியல்

தேர்தல் அன்னிக்கு வாக்குச்சாவடியில வேலை பாக்குற நாங்களே மதியச் சாப்பாட்டைக் கொண்டு வர்றதுதான் எங்க ஹெல்மர் ஊர் வழக்கம், சார். நான் பதினாறு வருஷமா உருளைக்கிழங்கு சாலட் கொண்டு போறேன். பெர்னி ஆப்பிள் பை சுட்டுக் கொண்டு வருவா. அதுதான் முதல்ல காலியாகும்.

பெர்னி கோவால்கே வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர். நான் பக்கத்து நாற்காலி. வர்றவங்க என்கிட்ட பேரைச் சொல்லுவாங்க, கண்ணு மட்டும் அவ மேல இருக்கும். என் புருஷன் டேலும் அப்படித்தான்.

"என்ன பெர்னி, இந்த ஊரையே நீதான் தாங்குறியா?"ம்பான்.

"ஊரை வெர்னா தாங்குறா. நீ அவளைத் தாங்கு, போ"ம்பா அவ.

ரெண்டு பேரும் சிரிப்பாங்க. எனக்கு வயிறு எரியும். ஆனா நான் செஞ்சதுக்கு அது காரணம் இல்ல. தேர்தல் விதின்னா விதி, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாக்குச்சீட்டு பின்பக்கத்துலயும் அவ இனிஷியலும் என் இனிஷியலும் கையெழுத்தா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் சீட்டு செல்லாது. போன ஏப்ரல்ல ஊர்த் தலைவர் தேர்தல். நடக்க முடியாதவங்களுக்கு அவங்க காருக்கே சீட்டை எடுத்துட்டுப் போகணும், அதுக்கு பெர்னி வெளிய போனா. "நான் இனிஷியல் போட்டு வச்ச சீட்டு தீர்ந்தா கூப்பிடு, வெர்னா"ன்னா.

தீர்ந்துச்சு. நான் கூப்பிடல. என் இனிஷியலை மட்டும் போட்டு நாற்பத்தோரு சீட்டு கொடுத்தேன். அதுல ஒண்ணு டேலுக்கு. பக்கவாதத்துக்கு அப்புறம் முதல் தடவையா தடி ஊன்றி வந்திருந்தான். வந்ததும் "பெர்னி எங்க?"ன்னான்.

நாற்பத்தொண்ணும் தள்ளுபடி. ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் ஒன்பதே ஓட்டு. விசாரணையில, பெர்னி முன்னமே போட்டிருப்பான்னு நம்பிட்டேன்னு சொன்னேன். அவ என்னை நேராப் பார்த்தா. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

"வெர்னா மேல தப்பில்ல. பொறுப்பு என்னோடது"ன்னா.

அவளுக்கு வேலை போச்சு, வழக்கும் வந்துச்சு. வியாழக்கிழமை தீர்ப்பு, சிறைன்னு பேசிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி மனசாட்சி உறுத்தி நானே வந்து சொன்னேன்னு வாக்குமூலத்துல எழுதிக்கோங்க, சார்.

அவ விசாரணையை ஊர்லயே பெரிய இடமான தீயணைப்பு நிலையக் கூடத்துல வச்சும் கூட்டம் கொள்ளல. தோத்துப்போனவரே அவளுக்காக எழுந்து பேசினார். டேல் முன்வரிசையில உட்கார்ந்து அழுதான்.

என் விசாரணைக்கும் அந்தக் கூடத்தையே ஒதுக்குங்க. சின்ன அறை பத்தாது.